காரம் போடாத சுறா புட்டு

அக்கா,

எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. காலையிலிருந்து தெரு முழுக்கப் பால் சுறா புட்டு வாசனை. கடையில் விற்கிற புட்டு வேறு, இது வேறு என்று கத்திவாக்கத்தில் மூக்கு உள்ள யாருக்கும் தெரியும். இதில் காரம் போட மாட்டார்கள், பூண்டு தூக்கலாக இருக்கும். பிள்ளை பெற்றவளுக்கென்று செய்வது. எனக்கும் ஒரு கிண்ணத்தில் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். அதை எதிரில் வைத்துக்கொண்டுதான் உனக்கு எழுதுகிறேன்.

அக்கா என்றால் உனக்குப் பிடிக்காது. "ரெண்டு வயசுக்கு இன்னாடி அக்கா? கெய்வி ஆக்காத" என்பாய். காசிமேட்டில் இறால் உரிக்கிற கொட்டகையில் அத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தும் நான் மாற்றிக்கொள்ளவில்லை. நீ இல்லாத இப்போதா மாற்றப்போகிறேன்.

மூன்றாவது பிள்ளை வேண்டாம், கலைத்துவிடலாம் என்று நானும் என் வீட்டுக்காரரும் போனிலேயே பேசி முடிவெடுத்தோம். அவர் டிரெய்லர் ஓட்டிக்கொண்டு தூத்துக்குடிப் பக்கம் போயிருந்தார். மாமியாருக்குத் தெரிந்தால் வீடு ரெண்டாகிவிடும். வண்ணாரப்பேட்டை கிளினிக்கிலோ, கூட ஆள் இல்லாமல் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இறால் உரித்துக்கொண்டே உன்னிடம் மெதுவாகச் சொன்னேன். நீ தலை நிமிரவில்லை, ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. "டார்க்கா பொடவ எதுனா கீதா? இல்லாங்காட்டி என்னுது எடுத்தாறேன்" என்றாய், அவ்வளவுதான்.

அன்று எல்லாம் முடிந்து நான் படுத்திருந்தபோது, வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நர்ஸ் சொன்னதை நீ திரும்பத் திரும்பக் கேட்டாய். பேடு சீக்கிரம் சீக்கிரம் நனைந்தாலோ காய்ச்சல் வந்தாலோ யோசிக்காமல் கிளம்பி வரவேண்டும் என்று அவர் சொன்னதை எனக்கு நீ ஒரு தடவை ஒப்பித்தும் காட்டினாய். ஆட்டோ பிடிக்கலாம் என்றேன். "அந்த ரோட்லயா? கன்டெய்னர் லாரிக்கு நடுவுல பள்ளம் பள்ளமா குதிச்சுக்கினு போவும். வலி தாங்க மாட்ட" என்றாய். மெட்ரோ விம்கோ நகரோடு நின்றுவிடும், அங்கிருந்து மறுபடி அதே ஆட்டோதான் என்று அதையும் தள்ளினாய். கும்மிடிப்பூண்டி ரயிலில்தான் ஏறினோம்.

லேடீஸ் பெட்டியில் ஜன்னலோரம் இருந்த பெண்ணை, "எந்திரி கண்ணு, இவளுக்குத் தல சுத்துது" என்று எழுப்பி என்னை உட்காரவைத்தாய். திருவொற்றியூர் தாண்டும்போது அடிவயிறு பிடித்து இழுத்தது. இறால் கொம்பு குத்திக் குத்திக் காய்த்த உன் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் "இன்னா, பரவால்லியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாய்.

வீட்டு வாசலில் என் மாமியாரிடம் நீ அவிழ்த்துவிட்ட பொய்யை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. "கொட்டாயில மயங்கி வுயுந்துட்சும்மா. ஒடம்புல ரத்தமே இல்லியாம். ஒரு வாரம் தண்ணி கொடம் தூக்க வுடாத." பாவம், அவரும் நம்பி எனக்குப் பாய் விரித்துப் போட்டார்.

மறுநாள் நீ மறுபடியும் வந்தாய். தூக்கு டப்பாவைத் திறந்ததும் பூண்டு வாசனை குப்பென்று வந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. மாமியார் வெளியில்தான் வலை பிரித்துக்கொண்டிருந்தார். கண்டுபிடிக்க இந்த வாசனை ஒன்று போதும் அவருக்கு. அதோடு எனக்குக் கோபமும் வந்தது. பிள்ளை வேண்டாம் என்று வந்து படுத்திருப்பவளிடம் இதைக் கொண்டுவந்து நீட்டுகிறாளே என்று.

"இது புள்ள பெத்தவளுக்குக் குடுக்கறது. எடுத்துக்கினு போ" என்றேன்.

"பெத்தவளுக்கு இல்லடி. ரத்தம் போனவளுக்கு" என்றாய்.

நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். டப்பாவை மூடும் சத்தம் கேட்டது. வெளியில் மாமியார், "இன்னாமா, புட்டு வாசன வருது?" என்று கேட்டதும், "சொந்தக்காரப் பொண்ணு ஒண்ணு பெத்துகினு கீது, அதுக்கு எடுத்துக்கினு போறேன்" என்று நீ சொன்னதும் கேட்டது. அதற்குப் பிறகு நீ அதைப் பற்றிப் பேசவே இல்லை. கொட்டகையில் எப்போதும்போல என்னைக் கிண்டலடித்துக்கொண்டிருந்தாய். நானும் விட்டுவிட்டேன்.

கருவைக் கலைத்ததில் எனக்கு ஒரு நாளும் வருத்தம் இருந்ததில்லை. என் வருத்தம் வேறு. போன மழைக்காலத்தில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்த நீ அப்படியே போய்விட்டாய். உன் காரியத்தன்று உன் தங்கை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நீ என்னைக் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விட்டதை அவளிடம் சொன்னேன். அப்போதுதான் அவள் சொன்னாள்.

"அக்காவுக்கும் கண்ணாலம் ஆன புதுசுல ஒரு தபா கலைக்க வேண்டியதா பூட்சு. யாராண்டயும் சொல்லாம தனியா போயி, தனியா பஸ்ல வந்துச்சு. அன்னிக்கு நைட்டு, சுறா புட்டு துன்னணும் போல கீதுன்னுச்சு. இன்னா, புள்ளயா பெத்துகின, புட்டு கேக்கறன்னு நாங்கல்லாம் சிரிச்சோம். ரொம்ப நாள் கழிச்சுதான் எங்கிட்டயே சொல்லிச்சு."

டார்க்காகப் புடவை இருக்கிறதா என்று நீ கேட்டது, ஆட்டோ வேண்டாம் என்றது, வலி தாங்க மாட்ட என்றது, எல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று நான் ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை அக்கா. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய். நீ ஆசைப்பட்டுக் கேட்டு யாரும் தராததை எனக்குச் செய்து எடுத்து வந்திருக்கிறாய். அதைத்தான் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அனுப்பிவைத்தேன்.

கிண்ணத்தில் இருந்ததை இப்போது சாப்பிட்டுவிட்டேன். உன்னை நினைத்துக்கொண்டுதான் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது, உப்புதான் கொஞ்சம் குறைச்சல். நீ செய்ததில் சரியாக இருந்திருக்கும் என்று வாய்வரை வந்தது. ஆனால் உன் கைப் புட்டு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.