கம்ப்யூட்டரில் குடியேறிய ஐவி

ஆபீஸ், தியாகராய நகர்,
14.8.1996

தூத்துக்குடிச் சீமையை ஒற்றைக் கரண்டியால் ஆளும் மகாராணி ஐவிக்கு, திருவல்லிக்கேணி மான்ஷன் மூன்றாம் மாடிச் சக்கரவர்த்தி ஹென்றி எழுதுவது. மூட்டைப்பூச்சிகள் என்னைக் கட்டிலோடு தூக்கி மெரினாவில் போடாத குறைதான், மற்றபடி சுகம். உன் மூட்டுவலி எப்படியிருக்கிறது?

ஆபீஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸ் போடும் வேலை என் தலையில் விழுந்தது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த பசிக்காரன் மாதிரி, அது ஒவ்வொரு ஃபிளாப்பியாக விழுங்கிவிட்டு அடுத்தது எங்கே என்றது. லாரி லோடு ஃபிளாப்பி ஊட்டினேன். கடைசியில் பெயர் என்ன என்று கேட்டது. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து யாரும் என்னிடம் பெயர் கேட்டதில்லை. தடுமாறி, உன் பெயரை அடித்துவிட்டேன்.

இப்போது தினமும் காலையில் திரையில் நீதான். டைப்பிஸ்ட் சாருலதா, "இன்னா அங்கிள், ஐவி ஆன்ட்டி எழுந்துட்டாங்களா?" என்கிறாள்.

"எழுந்துட்டாம்மா. காபிதான் இன்னும் தரல."

மேனேஜர் சந்திரமௌலிக்குத்தான் பொறுக்கவில்லை. "ஆபீஸ் மிஷின்ல உம்ம ஆத்துக்காரி பேரா ஓய்? திங்கட்கிழமை எல்லாத்தையும் அழிச்சுட்டு மறுபடி போடும்!" என்று உத்தரவு.

அதனால் இந்த வாரம் எல்லோருக்கும் முன்னால் ஆபீஸுக்கு வந்துவிடுகிறேன்.

போர்வை கிழிந்துவிட்டது. உன் பழைய சேலை ஒன்றை பஸ் பார்சலில் போட்டுவிடு. துவைத்து அனுப்ப வேண்டாம்.

மேனேஜர் கூப்பிடுகிறார். சனிக்கிழமை வரை நீ இந்தப் பட்டணத்தில் இருக்கிறாய், ஐவி. அதற்குமேல் நீயே வந்தால்தான் உண்டு.

உன்,
ஹென்றி