வார் மாட்டிய கை

பிப்ரவரி 10, திங்கள்
எங்கள் கம்பெனியிலிருந்து ஸ்டுடியோவுக்குப் போன நாலு ஒலிக்கலவைப் பலகைகளும் திரும்பி வந்துவிட்டன. கணினியில் பதிவான ஒலி அளவுக்கு ஏற்ப அவற்றில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகட்டைகளான ஃபேடர்கள் மோட்டாரில் தானே ஏறி இறங்கும். விரல் பட்டதும் மோட்டார் விட்டுவிட வேண்டும். அங்கே விடாமல் விரலோடு மல்லுக்கு நிற்கிறதாம். "யாரு தப்பு?" என்றார் மேனேஜர் மணவாளன் சார். புரோகிராம் என்னுடையது. ஆனால் வாய் முந்திக்கொண்டது: "கிரீஸ் ஜாஸ்தியா இருக்கும் சார்." கிரீஸ் தடவுவது ஏஞ்சலின்.

பிப்ரவரி 12
ஏஞ்சலினை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். ஏப்ரலில் நிரந்தரமாக வேண்டியவள், அதுவும் நின்றுபோனது. கேன்டீனில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சாரிக்கா, என்னால உங்களுக்கும் பேஜாரு. இனிமே கம்மியா தடவுறேன்னு சார்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்கக்கா." தலையாட்டினேன்.

பிப்ரவரி 13
சொல்லவில்லை.

பிப்ரவரி 19
திரும்பி வந்த ஒரு பலகையில் கிரீஸைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுச் சோதித்தேன். ஒழுங்காகத்தான் ஓடியது. டீ வந்ததும் மணிக்கட்டு வாரைக் கழற்றி வைத்தேன். உடம்பின் மின்சாரம் பலகையைக் கெடுக்காமலிருக்க இங்கே எல்லோரும் எர்த் வார் மாட்டித்தான் வேலை செய்வோம். ஒரு கையில் டம்ளர், மறு கையால் சும்மா ஃபேடரைத் தொட்டேன் — கிரீஸே இல்லாமலும் மோட்டார் விடவில்லை. வாரை மாட்டினேன், விட்டது. மூன்று முறை பார்த்தேன். எர்த்தான கையை அது சுலபமாக உணரும். விரல் பட்டதை உணரும் அளவை நான் புரோகிராமில் வைத்ததே வார் மாட்டிய கையோடுதான். ஸ்டுடியோவில் யார் வார் மாட்டிக்கொண்டு உட்காருவார்கள்? இது கூடவா எனக்குத் தோணல?

பிப்ரவரி 20
மணவாளன் சாரிடம் தனியாகச் சொன்னேன். "நம்பர மாத்தி அனுப்பிடு. கிரீஸ்னு கஸ்டமருக்கு லெட்டர் போயாச்சி. அத ஏன் கிளறிக்கினு?" என்றார். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் என் மேலேயே அருவருப்பு.

மார்ச் 3
கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ஏஞ்சலினிடம் சொல்லிவிட்டேன்.
"அப்ப என் கைல தப்பு இல்லியா? அம்மாகிட்ட கூட என் தப்புன்னுதான் சொல்லிக்கினு இருக்கேன். எப்பலேர்ந்து தெரியும் உங்களுக்கு?"
"பன்னெண்டு நாளா."
ரயில் வந்தது. அடுத்த பெட்டிக்குப் போய் ஏறிக்கொண்டாள்.

மார்ச் 4
நடந்ததை அப்படியே எழுதி முதலாளிக்கு மெயில் போட்டேன். எல்லோருக்கும் நகல். மணவாளன் சார் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாமல் போகட்டும்.

ஏப்ரல் 7
ஏஞ்சலினை நிரந்தரமாக்கிவிட்டார்கள். கடைசிச் சோதனை இப்போது அவள் பொறுப்பு, வார் இல்லாமல். அவள் கையெழுத்துப் போடாமல் எதுவும் வெளியே போகாது. இன்று நான் முடித்துக் கொடுத்த பலகையை ஒவ்வொரு ஃபேடராகத் தொட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் தள்ளினாள்.
"ஏழாவது சரியில்ல மேடம். பாத்துட்டு குடுங்க."
தூக்கிக்கொண்டு என் மேசைக்குத் திரும்பினேன்.