ஆனைக்குட்டத்து மீன்

ஆஸ்பத்திரி, மதுரை
4.9.2025

பிரீத்தி அப்பாவுக்கு மாரித்தாய் எழுதுறது.

நான் எழுதுவேன்னு நீங்க நெனச்சிருக்க மாட்டீக. நானும் நெனக்கல. பட்டாசுக் கம்பெனி வெடிச்சு மகன் முனியராஜைப் பறிகொடுத்து ரெண்டு மாசமாச்சு. ஒங்களைப் பாக்க மனு போடவும் மனசில்ல, ஜெயில் போன்ல பேசவும் மனசில்ல. இப்பப் பிள்ளைக்காக எழுதுறேன்.

போர்மேன்தான் பொறுப்புன்னு போலீஸ் ஒங்களைப் பிடிச்சிட்டுப் போனப்ப பிரீத்தி வயித்தால போயிக்கிட்டுக் கெடந்தாள்ல, அது சும்மா வயித்துக்கடுப்பு இல்லையாம். குடலெல்லாம் புண்ணாகி வீங்கிக் கெடக்காம். ரத்தமாப் போகுது. பதினஞ்சு வயசுப் பிள்ளை இருபத்தெட்டு கிலோ இருக்கா. வாய்வழியா ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னுட்டாக. கழுத்து நரம்புல குழாய் போட்டு அது வழியாத்தான் சாப்பாடு ஏறுது. பால் மாதிரி வெள்ளையா ஒரு பை தொங்குது. "ரத்தத்துல பாலை விடுறீகளே"ன்னு கத்திட்டேன். சுகிர்தா சிஸ்டர் சிரிச்சிட்டு, "பாலில்லக்கா, சோயா எண்ணெய்"ன்னுச்சு.

இப்ப கற்பகவல்லி டாக்டரம்மா மீன் எண்ணெய் கலந்த பை போட்டுப் பாக்கலாம்ங்கிறாக. அதுல ஒமேகான்னு ஒரு சத்து இருக்காம், சில பேருக்கு வீக்கம் அடங்குதாம். கண்டிப்பாக் கேக்கும்னு சொல்ல முடியாதாம். "பிள்ளைக்கு மீன் ஒத்துக்கிடுமா?"ன்னு கேட்டாக. ஆகாதுன்னுட்டேன். ஒடனே செவப்பு மையில எழுதிக் கட்டில்ல மாட்டிட்டாக.

அவளுக்கு நாலு வயசுல, பிள்ளைக ரெண்டையும் ஆனைக்குட்டம் அணைக்குக் கூட்டிட்டுப் போயி மீன் வாங்கிக் குடுத்தீகளே. மேலெல்லாம் தடிச்சு, கண்ணு வீங்கித் தூக்கிட்டு வந்தீகளே. "மீனு சேரல"ன்னு நீங்கதான சொன்னீக. அன்னையிலருந்து நம்ம அடுப்புல மீன் சட்டி ஏறல.

"மீனாலதான் தடிச்சுச்சா? கூட இருந்து பாத்தவங்க யாரு?"ன்னு டாக்டரம்மா கேக்குறாக. ரத்தம் எடுத்துப் பாப்பாகளாம், அது மட்டும் போதாதாம். ஒத்துக்கிடாத பிள்ளைக்கு ஏத்துனா மூச்சே நின்னாலும் நின்னுருமாம். கூட இருந்தது நீங்களும் முனியராஜும். அவன்ட்ட இனி எங்க போய்க் கேக்க?

நடந்ததை நடந்தபடி எழுதுங்க. சீக்கிரம்.

மாரித்தாய்

மத்திய சிறை, மதுரை
8.9.2025

அன்புள்ள மாரித்தாய்க்கு,

கடுதாசியில மாமான்னு போடல. பரவாயில்ல. ஒரே ஊர்ல இருந்துக்கிட்டுப் பிள்ளையப் பாக்க முடியல பாரு.

மொதல்ல பதில். மீனால இல்ல.

அன்னைக்குக் கம்பெனியில வெடிமருந்து கலக்குற ரூம்ல எனக்கு வேலை. "குளிக்காம பிள்ளைகளைத் தொடாதீக"ன்னு நீ தெனமும் சொல்லுவ. நான் குளிக்கல, மருந்துத் தூசி படிஞ்ச சட்டையும் மாத்தல, அப்படியே அவளைத் தோள்ல ஏத்திக்கிட்டேன். கரையில நடக்கும்போதே கழுத்தையும் தொடையையும் சொறிஞ்சா, கண்ணைக் கசக்குனா. அப்ப நான் மீனே வாங்கல. அதுக்கப்புறந்தான் வாங்கி முள்ளெடுத்து ஊட்டுனேன். அடுத்த வருசம் சாத்தூர்ல ஒனக்குத் தெரியாம மறுபடி வாங்கிக் குடுத்தேன். ஒரு தடிப்பும் வரல.

நீ ஏசுவேன்னு பயந்து மீன் மேல பழியப் போட்டேன். முனியராஜ் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தான். கடைசி வரைக்கும் காட்டிக்குடுக்கல.

இம்புட்டுச் சொல்லிட்டு இன்னொண்ணை மறைச்சா நான் மனுசனில்ல. வெடிச்ச அன்னைக்கு அவன் தானா கம்பெனிக்கு வந்தான்னு ஒன்ட்டயும் போலீஸ்லயும் சொன்னேன். இல்ல. லீவு நாள், ஆள் பத்தல, சீசன் லோடு நிக்குதுன்னு நான்தான் போன் பண்ணி வரச் சொன்னேன். இங்கன கடுதாசியைப் படிச்சிட்டுத்தான் வெளிய விடுவாக. படிக்கட்டும்.

டாக்டரம்மாட்ட ஒடனே சொல்லு.

பாலகுரு

ஆஸ்பத்திரி, மதுரை
22.9.2025

மாமாவுக்கு,

ஒங்க கடுதாசியை எழுத்துக் கூட்டி நானே படிச்சேன். மொதப் பாதியை டாக்டரம்மாட்ட காட்டுனேன். மறுபாதியை மடிச்சு முந்தியில முடிஞ்சிக்கிட்டேன்.

ரத்தத்துலயும் ஒண்ணும் வரல. கட்டில்ல மாட்டுன அட்டையக் கழட்டிட்டு, சொட்டுச் சொட்டா ஏத்துனாக. மொத நாள் முழுக்க அவ நெஞ்சு ஏறி எறங்குறதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். "என்னம்மா, டிவி பாக்குற மாதிரி என்னைப் பாக்குற"ங்கிறா. இப்ப ரத்தம் போறது கொறஞ்சிருக்கு. அந்தப் பையாலயா, மத்த மருந்தாலயான்னு டாக்டரம்மாவுக்கே சொல்ல முடியல. நேத்து ரெண்டு ஸ்பூன் கஞ்சித்தண்ணி குடுத்தாக. வயித்துல நின்னுச்சு.

முனியராஜ் மீன் மீன்னு கேப்பான். "தங்கச்சிக்கு ஆகாதுலே, ஒன் நாக்குக்காக அவளைக் கொல்லவா?"ன்னு ஏசுவேன். நெசம் தெரிஞ்சும் குனிஞ்ச தலையோட ரசஞ்சோத்தைத் தின்னுட்டுப் போனானே. அவனுக்கு மீன் ஆக்கிப் போடாததுக்கு அழுகவா, நீங்க அவனைக் கூப்பிட்டதுக்கு அழுகவா? ரெண்டையும் சேத்து அழுதேன். சுகிர்தா சிஸ்டர் என்னன்னு கேட்டுச்சு. கண்ணுல தூசின்னுட்டேன்.

தீபாவளிக்கு அவனுக்கு மொதப் படையல். கெண்டை வாங்கி வறுத்து வைப்பேன். போலீஸ்ல மாத்திச் சொன்னதை நீங்களே போய்ச் சரியாச் சொல்லுங்க. அதுனால ஜாமீன் தள்ளிப்போனா போகட்டும். எங்கண்ணன் ஒங்க ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட ஒத்துக்கிட்டாக. வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல.

வெளிய வந்ததும் பிள்ளையப் பாக்க வாங்க. முனியராஜ் பேச்சை நானா எடுக்குற வரைக்கும் நீங்க எடுக்காதீக. வார்டு வாசல்ல குழாய் இருக்கு. குளிச்சிட்டு, வேற சட்டை போட்டுக்கிட்டு அவளைத் தொடுங்க.

மாரித்தாய்