வடக்குப்பட்டு வாசகி

மஸ்கட் வெயிலில் இருக்கும் என்னவருக்கு,

இங்கே எல்லோரும் சுகம். வேறு யாராவது எழுதுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். நாற்பத்திரண்டு வயதில் டைப்பிஸ்ட் வேலையை விட்டுவிட்டு ஸ்டூடியோ வைக்கலாமா, எந்த கேமரா வாங்கலாம் என்று வாரப் பத்திரிகையின் கேள்வி பதில் பகுதிக்கு எழுதிப் போட்டேன். பெயரை மறைத்தவர்கள் 'வடக்குப்பட்டு வாசகி' என்று ஊரைப் போட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டுக் கிளியம்மாள் அக்கா, "இன்னாம்மா, வேலய வுட்டுட்டு போட்டோ புடிக்கப் போறியாமே?" என்று கேட்டார்.

"வேலையை விடாதீர்கள், பொழுதுபோக்குக்குச் சின்ன கேமராவே போதும்" என்பது பத்திரிகையின் பதில்.

என்னைக் கேட்காமல் முகம் தெரியாதவர்களை ஏன் கேட்டாய் என்பீர்கள். அவர்கள் வேண்டாம் என்றால் மீறிவிடலாம். நீங்கள் வேண்டாம் என்றால் என்னால் மீற முடியாது.

இத்துடன் இருக்கும் படத்தில் சிரிப்பது கிளியம்மாள் அக்காதான். போன செவ்வாய்க்கிழமை, ஆபீஸ் நேரத்தில், பெரிய கேமராவில் நான் எடுத்தது.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி