வரிசைக்கு ஒரு பிள்ளை

மார்ச் 3, செவ்வாய்

குண்டுக்கும் வாலுவுக்கும் தலை தேய்த்துக் குளிப்பாட்டினேன். ஒன்றரை வயது இரட்டையர். ஒருத்தனைப் பிடித்தால் இன்னொருத்தன் ஓடுகிறான். லாட்ஜ் பக்கெட்டைக் கவிழ்த்துவிட்டார்கள். "சிட்டு, பிடிடி அவனை" என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் –

போன வாரம் இந்நேரம் இருந்தாள்.

ஏழு வயது. நெஞ்சில் ஓட்டை என்று ஆபரேஷனுக்காக இவ்வளவு தூரம் கூட்டி வந்தோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். பிறகு காய்ச்சல், கிருமி, ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். நல்லபடியாக முடிந்தால் பிள்ளை எப்படிச் சாகும்? எட்டாவது படித்த எனக்கு விளங்கவில்லை. பன்னிரண்டாவது படித்த இவருக்கும் விளங்கவில்லை.

இங்கேயே அடக்கம் செய்துவிட்டோம். ஒருத்தரையும் தெரியாத ஊரில் என் பிள்ளை படுத்திருக்கிறாள்.

மார்ச் 4, புதன்

இவர் மாடிப்படியில் நின்று அக்காவோடு போன் பேசினார். நான் வாலுவைத் தேடிப் போனவள், காதில் விழுந்துவிட்டது.

"நான் என்னக்கா பண்றது? இவதான் பண்ணியே ஆகணும்னு ஒத்தைக் கால்ல நின்னா."

பொய். டாக்டர் அறையில் நான் வாயே திறக்கவில்லை. தள்ளிப் போட்டால் பின்னால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னதும், "பண்ணிடலாம் சார்" என்றது இவர். நான் தலையாட்டினேன். பழியில் பாதி என்னுடையது, இல்லை என்று சொல்லவில்லை. மறுபாதியையும் என் தலையில் இறக்கிவிட்டு இவர் வெறுங்கையோடு ஊருக்குப் போகப் பார்க்கிறார்.

தாயில்லாத இவரை வளர்த்தது என் நாத்தனார்தான். "ஓடியாடுற பிள்ளையை எதுக்குடா கீறணும்?" என்று முதலிலேயே சொன்னவர். அவர் முன்னால் இவருக்கு நாக்கு எழாது. தெரியும். தெரிந்தால் வலிக்காமல் இருக்குமா?

மார்ச் 5, வியாழன்

விமானத்தில் வந்து சேர்ந்தோம்.

கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள், "இன்னொருத்தர் பேர் இருக்கே, அவங்க வரலையா?" இவர், "வரல" என்றார். ஏதோ பஸ்ஸைத் தவறவிட்ட மாதிரி.

மடிப்பிள்ளை இரண்டை ஒரே வரிசையில் வைக்கக் கூடாதாம். ஆபத்தென்றால் மேலேயிருந்து விழும் மூச்சு மாஸ்க், வரிசைக்கு ஒன்றுதான் கூடுதலாக இருக்குமாம். போகும்போதும் அதே சட்டம்தான். அப்போது சிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அப்பா பேசிக்கிட்டே இருந்தாராம், டீச்சர் தள்ளி உக்கார வச்சுட்டாங்க" என்று சிரித்தாள். இன்றைக்கு அவள் இடத்தில் யாரோ ஒரு பெரியவர் தூங்கிக்கொண்டு வந்தார்.

இவர் குண்டுவோடு எனக்கு முன் வரிசை. இவர் பக்கத்தில் ஒரு அம்மா, வாய் ஓயவில்லை.

"பையன் செக்கச்செவேல்னு இருக்கானே. பின்னாடி இருக்கறது ஜோடியா?"

"ஆமாங்க. ரெட்டை."

"இவங்களுக்கு மேல பெரிய பிள்ளை இருக்கா?"

இவர் என்ன சொல்வார் என்று காதைத் தீட்டினேன்.

"இல்லீங்க. இவங்க ரெண்டு பேர்தான்."

இருக்கையின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டி இவர் முடியைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று கை துடித்தது. மடியில் வாலு தூங்கிக்கொண்டிருந்தான். பிள்ளை தூங்கினால் தாய் கையும் தூங்கணும், அப்படித்தானே.

மார்ச் 7, சனி

துக்கம் கேட்க வந்துகொண்டே இருக்கிறார்கள். கூடம் நிறைய ஆள். நாத்தனார் வாசலுக்கு நேரே உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களிடமெல்லாம் ஒரே கதை: "நான் அப்பவே தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாளா? பெரிய ஆஸ்பத்திரிதான் வேணும்னா. முழுசாக் கூட்டிட்டுப் போய் வெறுங்கையோட வந்து நிக்கறா."

இவர் எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தார். அக்காவுக்கு வேர்க்கிறதாம்.

மார்ச் 8, ஞாயிறு

குண்டு சிட்டுவின் செருப்பைப் போட்டுக்கொண்டு வீடு முழுக்க இழுத்து நடக்கிறான். கழற்றச் சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 12, வியாழன்

சமையலறையில் வந்து நின்றார். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அழுதார். ஆம்பிளை அழுகை, சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்குகிறது.

"நான்தான் முதல்ல சரின்னு சொன்னேன். எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும். என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? உங்க அக்காகிட்ட சொல்லுங்க."

"அக்காகிட்ட எப்படி... அவங்க மனசு உடைஞ்சு போயிடும்."

என் மனசு எவர்சில்வர். எத்தனை தடவை கீழே போட்டாலும் நசுங்கும், உடையாது. அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார் போல.

ஆனாலும் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்?

மார்ச் 14, சனி

நாத்தனார் அலமாரியைத் திறந்தார். "புதுசு புதுசா இருக்கு. சும்மா பூச்சி அரிக்கப்போவுது. என் பேத்திக்கு ஆவும்ல?" சிட்டுவின் சட்டைகள்.

"எடுத்துக்கோக்கா" என்றார் இவர். என்னைப் பார்க்கக்கூட இல்லை.

அலமாரிக் கதவைச் சாத்தினேன். நாத்தனார் விரல் நசுங்கியிருக்கும், மயிரிழையில் தப்பியது.

"சட்டை அப்புறம் அண்ணி. முதல்ல இதுக்கு பதில் வரட்டும்." இவர் பக்கம் திரும்பினேன். "டாக்டர்கிட்ட பண்ணிடலாம்னு சொன்னது யாரு? அக்கா முன்னாடி சொல்லுங்க."

"இப்ப எதுக்கு அதெல்லாம்..."

"ஒரு வார்த்தை போதும். யாரு?"

"ஏண்டி அவனை வதைக்கிறே?" என்றார் நாத்தனார்.

இவர் தரையைப் பார்த்தார். குண்டுவையும் வாலுவையும் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் அழாதீங்க" என்றார்.

யாரும் அழவில்லை.

மார்ச் 16, திங்கள்

அண்ணன் கார் கொண்டுவந்தான். "எங்க கிளம்பிட்டா?" என்று நாத்தனார் கேட்க, "அவங்க அண்ணன் வீட்டுக்குதான்கா, நாலு நாள்ல வந்துடுவா" என்று இவரே பதில் சொன்னார். இதற்கு மட்டும் வாய் டக்கென்று வருகிறது.

பிள்ளைகளை நான் தூக்கிக்கொண்டேன். பெட்டியை இவர்தான் வண்டியில் ஏற்றினார்.

"நாலு நாளைக்கு என்ன இவ்வளவு கனம்?" என்றார்.

"சிட்டு சட்டை" என்றேன். "எல்லாமே."