தலைக்கு மேல் போகும் இணையம்

கீழ்ப்பள்ளி
ஜூன் 4

என் உம்மணாமூஞ்சிக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஒரு மாதமாகப் பதில் எழுதவில்லை, திட்டாதே. காரணம் இருக்கிறது. எங்கள் பள்ளிக்கு இணையம் வரப்போகிறதடி! பொறியியல் கல்லூரி மாணவிகள் ஆறு பேர் வந்து இறங்கியிருக்கிறார்கள். படிப்போடு சேர்த்து இப்படி ஒரு சேவையும் செய்ய வேண்டுமாம். அவர்களுக்குத் தலைவி ஒரு கண்ணாடிக்காரி. பேச்சில் என்னையே மிஞ்சுகிறாள் என்றால் பார்த்துக்கொள்.

ஒரே சிக்கல், நடுவில் நிற்கும் மலை. நகரத்துக் கோபுரத்திலிருந்து எங்கள் பள்ளத்துக்கு நேராக அலை வராது. மேட்டில் ஒரு கம்பம் நட்டுத் தட்டு மாதிரி இரண்டு ஆன்டெனா வைத்தால், ஒன்று அலையை வாங்க, மற்றொன்று எங்களுக்குத் தள்ளிவிடுமாம். மேட்டில் கான்கிரீட் கூரை உள்ள கட்டடம் உன் பள்ளி ஒன்றுதான். "அவ என் சிநேகிதி, மறுபேச்சே பேச மாட்டா" என்று சொல்லிவிட்டேன். அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டுவிடு, என் தங்கமே.

வாயாடி


மேல்பள்ளி
ஜூன் 11

வாயாடிக்கு,

சந்தோஷம். உண்மையாகவே சந்தோஷம். இரண்டு முறை எழுதியதால் சந்தேகப்படாதே.

உன் மாணவிகள் திங்கட்கிழமை வந்தார்கள். கூரையில் ஏறி அளந்தார்கள், துளை போட்டார்கள். என் முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் பாடத்தை விட்டுவிட்டு வாசலில் அண்ணாந்து நின்றார்கள். நானும்தான். கண்ணாடிக்காரி இறங்கி வந்ததும் கேட்டேன்.

"ஏம்மா, எங்க கூரை வழியாத்தானே போகுது. எங்களுக்கும் கொஞ்சம் விடக் கூடாதா?"

"இல்ல மேடம்... உங்க ஸ்கூல் லிஸ்ட்ல இல்ல."

அவ்வளவு பேசுகிறவள், இதை மட்டும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கலாம் நீ. பயிற்சிக் கல்லூரி விடுதியில் ஜன்னலோரக் கட்டிலையும் இப்படித்தான் எடுத்துக்கொண்டாய்.

உம்மணாமூஞ்சி


கீழ்ப்பள்ளி
ஜூலை 3

அடியே,

கட்டிலை இன்னுமா மறக்கவில்லை? இருபத்திரண்டு வருஷம் ஆகிறது!

இணையம் வந்துவிட்டது. முதல் நாள் பிள்ளைகள் எதைத் தேடினார்கள் தெரியுமா? எங்கள் பள்ளியின் பெயரை. எங்குமே இல்லை என்று வந்தது. ஆளாளுக்கு முகம் தொங்கிப்போயிற்று. கண்ணாடிக்காரி அங்கேயே உட்கார்ந்து வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்துப் பெயரும் எழுதினாள். கைதட்டலில் தகரக் கதவு அதிர்ந்தது. நீ இருந்து பார்த்திருக்க வேண்டும்.

இன்னொன்று. உன் பள்ளியிலிருந்து மூன்று பேர் டி.சி.யோடு வந்து நின்றார்கள். பெற்றவர்கள் கேட்கும்போது சேர்க்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வேன்? தப்பாக நினைக்காதே.

வாயாடி


மேல்பள்ளி
ஜூலை 10

வாயாடிக்கு,

மூன்று என்று எழுதியிருந்தாய். இன்றைக்கு ஏழு. டி.சி. எழுதிக் கொடுப்பவள் நான், எனக்குத் தெரியாதா? முப்பத்தொரு பேர் மிச்சம். முப்பதுக்குக் கீழே போனால் மேல்பள்ளியை மூடிவிடலாம் என்று கல்வி அதிகாரி பேசிக்கொண்டிருக்கிறாராம்.

நேற்று மூன்றாம் வகுப்புக்காரி ஒருத்தி கேட்டாள், "டீச்சர், அந்தத் தட்டுல என்ன வருது?"

"கீழ்ப்பள்ளிக்குப் போறது வருது."

"நமக்கு?"

"நமக்கு அதோட நிழல் வருது."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொறாமை என்று நினைப்பாய். ஆமாம், பொறாமைதான். வயிறு எரிகிறது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

உம்மணாமூஞ்சி


கீழ்ப்பள்ளி
ஆகஸ்ட் 2

அடியே,

இணையம் செத்து ஆறு நாளாகிறது. முப்பதாம் தேதி எட்டாம் வகுப்புக்கு விடுதிப் பள்ளி நுழைவுத் தேர்வு. கணினியில்தான் எழுத வேண்டும். ஆறு பிள்ளைகள் தலைவாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு மணி நேரம் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. "வந்துரும் டீச்சர்" என்று எனக்கே ஆறுதல் சொன்னார்கள். வரவில்லை. அவர்களில் இரண்டு பேர் உன்னிடமிருந்து வந்த பிள்ளைகள்.

மாணவிகளுக்குக் கல்லூரியில் பரீட்சை, பன்னிரண்டாம் தேதிதான் வருவார்களாம். காற்றில் தட்டு திரும்பியிருக்கும் போலிருக்கிறது. யாரையாவது கூரையில் ஏற்றிப் பார்க்கச் சொல்லேன்.

வாயாடி


மேல்பள்ளி
ஆகஸ்ட் 6

வாயாடிக்கு,

காற்று இல்லை. நான்தான்.

ஜூலை இருபத்தேழு, ஞாயிற்றுக்கிழமை. எட்டாவது டி.சி.யை அதற்கு முந்தின நாள்தான் எழுதியிருந்தேன். ஏணியை நானே தூக்கிச் சாத்தினேன். வலிக்கிற முழங்காலோடு ஏறினேன். காவலாளியின் ஸ்பேனரால் இரண்டு போல்ட்டைத் தளர்த்தி, உன் பக்கம் பார்த்த தட்டை ஒரு சாண் அளவுக்குத் திருப்பி, மறுபடி முடுக்கினேன். இறங்கி வந்து டீ போட்டுக் குடித்தேன். ருசியாக இருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

தேர்வு இருப்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்று எழுத ஆசைதான். சத்தியம் பண்ண வாய் வரவில்லை. அந்த இரண்டு பேருக்கும் பென்சில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான்.

நடந்ததை அப்படியே கல்வி அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். குற்றம் என்னுடையது, பிள்ளைகளுக்கு மறுதேர்வு கொடுங்கள் என்று. தட்டில் நான் மறுபடி கைவைக்கவில்லை, இன்னும் கெடுத்துவிடுவேனோ என்று பயம்.

நீ பதில் எழுதாவிட்டாலும் எனக்குப் புரியும்.

உம்மணாமூஞ்சி


கீழ்ப்பள்ளி
ஆகஸ்ட் 19

உம்மணாமூஞ்சிக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு பொறுக்கி எடுத்து ஒட்டி, இரண்டாம் முறை படித்தேன்.

மாணவிகள் வந்து தட்டைச் சரிசெய்துவிட்டார்கள். கண்ணாடிக்காரி அப்போதே கண்டுபிடித்துவிட்டாள். "காத்து போல்ட்டை முடுக்காது மேடம்" என்றாள். மறுதேர்வு இருபத்தெட்டாம் தேதி. உனக்கு நோட்டீஸ் வந்திருப்பதாக அதிகாரி சொன்னார்.

இனி எழுதப்போவதை நீ உட்கார்ந்து படி.

ஜூன் மாதம் அவர்கள் கொண்டுவந்தது இரண்டு பள்ளிக்கான கருவி. பட்டியலில் உன் பள்ளியின் பெயரும் இருந்தது. நான்தான் அதை அடித்துவிடச் சொன்னேன். "அங்க பிள்ளைங்க கம்மி, எப்படியும் மூடிருவாங்க, அந்தப் பெட்டி எங்களுக்கு உபரியா இருக்கட்டும்" என்றேன். காரணம் அதுவல்ல. வருஷா வருஷம் ஆய்வுக்கு வருகிற அதிகாரி என் வகுப்பில் நின்றுகொண்டு, "மேல்பள்ளி டீச்சர்கிட்ட கத்துக்குங்க" என்பார். பதினொரு வருஷமாகக் கேட்கிறேன். உன்னிடம் இல்லாத ஒன்று ஒரே ஒரு தடவை என்னிடம் இருக்க வேண்டும் என்று தோன்றியது. பெட்டி பிரிக்காமல் என் பீரோவில்தான் கிடந்தது.

நோட்டீஸுக்குப் பதில் எழுதும்போது இதையும் சேர்த்து எழுது. கேட்டால் மறுக்க மாட்டேன்.

சனிக்கிழமை கண்ணாடிக்காரி பெட்டியோடு மேலே வருவாள். இரண்டு மணி நேர வேலையாம்.

தேர்வு நாளன்று நீ வருவாயா என்று அந்த இரண்டு பிள்ளைகளும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வா. வந்து அவர்கள் பக்கத்தில் நில். என்னோடு மட்டும் பேச வேண்டாம். எனக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும். உனக்கும் ஆகும்.

வாயாடி