கன்னத்தில் இல்லாத பொட்டு

இன்று காலை மருமகள் பேத்திக்குப் பொட்டு வைக்க மை டப்பாவைத் திறந்தாள். விளக்கெண்ணெய்க் கரியின் வாசனை வந்ததும் எனக்கு அடி அண்ணாமலை ஞாபகம் வந்துவிட்டது. இதை உன்னைத் தவிர வேறு யாரிடம் சொல்ல? நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது.

எழுபதுகளின் கடைசியில் நாம் இருவரும் திருவண்ணாமலையில் அங்கன்வாடிப் பயிற்சியில் இருந்தோம். ஒரு வீட்டில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து, குழந்தை யாரைப் பார்க்கிறது, எதற்குச் சிரிக்கிறது என்று எழுத வேண்டும். நமக்குக் கிடைத்தது அடி அண்ணாமலை கிராமத்தில் ஓர் ஆறு மாதக் குழந்தை. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தாள். "அழவே இல்லை, சமர்த்துக் குழந்தை" என்று எழுதி நோட்டை மூடினேன். பெரிய கெட்டிக்காரி நான்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது நீ சொன்னாய்: "கன்னத்துல பொட்டு இல்லடி."

"மறந்திருப்பாங்க. அதுக்கென்ன?"

"கண்ணு பட்டுடும்னு பயப்படாத அம்மா இருப்பாளா? கொழந்தயும் அவள ஒரு தடவ பாக்கல. எனக்கு பயமா இருக்கு, வா, அந்த வீட்டுக்கே திரும்பிப் போலாம்."

விடுதியில் திட்டு விழும் என்று முணுமுணுத்தபடியே உன் பின்னால் வந்தேன்.

பாயில் குழந்தை மட்டும் கிடந்தது. தோட்டத்துக் கதவு திறந்திருந்தது. அவள் கிணற்றுச் சுவர்மேல் உட்கார்ந்திருந்தாள், கால்கள் உள்பக்கம் தொங்கின. நான் கதவருகிலேயே நின்றுவிட்டேன். நீ குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்பதுபோல, "அக்கா, மை எங்க வச்சிருக்கீங்க? பாப்பாவுக்குப் பொட்டு வைக்கணும்" என்றாய். உன் கழுத்து நரம்பு துடிப்பதைப் பார்த்தேன்.

அவள் திரும்பிக் குழந்தையைப் பார்த்தாள். "மாடத்துல" என்றாள்.

"நீங்க எடுத்துக் குடுங்க. எனக்கு எட்டாது."

பயிற்சியில் இருந்தவர்களிலேயே உயரமானவள் நீதான். அவள் ஒவ்வொரு காலாக இந்தப் பக்கம் போட்டு இறங்கினாள்.

கழனியிலிருந்து அவள் புருஷன் வரும்வரை நாம் நகரவில்லை. மறுநாள் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனோம். பிறகு வாராவாரம் போய்ப் பார்த்தோம். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், நம்மைக் கண்டதும் குழந்தை வீறிட்டு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. கன்னத்தில் பெரிதாக ஒரு பொட்டு. நீ சிரித்தாய், நான் அழுதேன்.

அன்று பஸ் நேரத்துக்கு வந்திருந்தால் நான் ஏறியிருப்பேன். அது உனக்கும் தெரியும், ஒருநாளும் நீ சொல்லிக் காட்டியதில்லை.

இன்றும் குழந்தை இருக்கிற எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும், பாதித் தெரு போய்விட்டுத் திரும்பி வருகிறேன். "எதனா மறந்துட்டீங்களா?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லி, உள்ளே போய் அம்மாவையும் பிள்ளையையும் இன்னொரு முறை பார்க்கிறேன். கிழவிக்கு மறதி என்றே நினைக்கட்டும். எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.